மஸ்கட், பச்சை மலை, வஹீபா மணல்: நான்கு நாள் கார்ப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மஸ்கட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு மாதம் இருப்பதாகத் திட்டம். வந்து பத்து நாள் வீட்டுக்குள்ளேயும் கடற்கரையிலும் கழிந்த பிறகு, "இந்த ஊர்ல மலை இருக்குங்கற, பாலைவனம் இருக்குங்கற, எப்பப்பா கூட்டிட்டுப் போவ?" என்று அம்மா கேட்டார். எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த லீவு இரண்டு நாள்தான். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். முன்னால் வியாழனையும் பின்னால் ஞாயிறையும் ஒட்டினால் நான்கு நாள். இந்த நான்கு நாளுக்குள் நகரம், மலை, பாலைவனம் மூன்றையும், மூட்டு வலியுள்ள அம்மாவையும் எழுபதைத் தாண்டிய அப்பாவையும் அலைக்கழிக்காமல் காட்டுவது எப்படி என்பதுதான் கேள்வி. அந்தத் திட்டத்தை எப்படிப் போட்டோம், எது சரியாக வந்தது, எங்கே தப்பியது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பெற்றோரை அழைத்து வரும்போது இதே கேள்வியோடுதான் உட்காருகிறார்கள்.

ஓமானில் இது நடக்கக்கூடிய காரியம். மஸ்கட்டிலிருந்து பழைய கோட்டை நகரமான நிஸ்வா 160 கிலோமீட்டர் சுமார். நிஸ்வாவுக்குச் சற்று முன்னாலேயே ஜெபல் அக்தர் என்கிற பச்சை மலைக்குப் பாதை பிரிகிறது. நிஸ்வாவிலிருந்து தென்கிழக்கே 200 கிலோமீட்டர் போனால் பிதியா. வஹீபா மணல் என்கிற பாலைவனம் அந்த ஊரின் கொல்லைப்புறத்திலேயே தொடங்குகிறது. பிதியாவிலிருந்து மஸ்கட் திரும்ப 220 கிலோமீட்டர் அளவு. வரைபடத்தில் பார்த்தால் ஒரு முக்கோணம். சாலைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அதனால் முதலில் திட்டம் போடுகிறவர் யாராக இருந்தாலும் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, இன்னும் ரெண்டு இடம் சேர்க்கலாமே" என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் திட்டத்தில் சூர் துறைமுகம், ஆமை முட்டையிடும் ராஸ் அல் ஜின்ஸ், ஜெபல் ஷம்ஸ், பஹ்லா கோட்டை எல்லாமே இருந்தன.

அதைக் கிழித்துப் போட வைத்தது வெளிச்சக் கணக்கு. டிசம்பர் நடுவில் மஸ்கட்டில் சூரியன் காலை 6.40-ஐ ஒட்டி எழுந்து மாலை 5.20-ஐ ஒட்டி விழுந்துவிடுகிறது. பகல் பத்தரை மணி நேரம்தான். மலைப்பாதையில் இருட்டிய பிறகு இறங்கக்கூடாது. பாலைவன ஓரச் சாலையில் இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, ஒட்டகங்கள் குறுக்கே நிற்கும். ஒட்டகத்தின் கால்கள் உயரம். கார் மோதினால் அதன் உடல் நேராகக் கண்ணாடியில் வந்து விழும். ஆகவே ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எங்கே இருப்போம் என்று எழுத ஆரம்பித்தேன். நான்கு நாளுக்கும் ஐந்து மணி இடத்தை முதலில் எழுதினேன்: வியாழன் நிஸ்வா, வெள்ளி மலை உச்சி, சனி மணல் மேடு, ஞாயிறு மஸ்கட் வீடு. அப்புறம்தான் நடுவில் உள்ளதை நிரப்பினேன். சூரும் ஆமையும் தானாகவே விழுந்துவிட்டன.

அடுத்து முளை அடித்த மாதிரி அசையாத இரண்டு நேரங்கள் இருந்தன. சுல்தான் கபூஸ் பெரிய மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போவதற்கான நேரம் சனி முதல் வியாழன் வரை, காலை 8 முதல் 11 வரை. வெள்ளிக்கிழமை கிடையாது. நிஸ்வா ஆட்டுச்சந்தை கூடுவதோ வெள்ளிக்கிழமை காலையில், சீக்கிரமே. சினாவ் ஊரில் ஒட்டகங்களும் வரும் பெரிய சந்தை ஒன்று வியாழனில் கூடும். அதையும் பார்க்க ஆசைதான், ஆனால் வியாழன் காலை மசூதிக்குப் போய்விட்டது. அம்மா ஆடு வளர்த்தவர். எனவே நிஸ்வா சந்தைதான் என்று முடிவானது. இந்த இரண்டு முளைகளும் திட்டத்தின் திசையையே தீர்மானித்தன: நகரம் முதலில், மலை நடுவில், பாலைவனம் கடைசியில்.

பருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை மலை என்றால் எல்லாரும் ரோஜாவைத்தான் சொல்வார்கள். அங்குள்ள அடுக்கு வயல்களில் ரோஜா பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். பன்னீர் காய்ச்சுவதும் அப்போதுதான். மாதுளை பழுப்பது கோடை முடிவில். பாலைவனத்துக்கோ நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஏப்ரலில் மணலில் பகல் வெயில் வயதானவர்களுக்கு ஆகாது. மலையின் நல்ல காலமும் மணலின் நல்ல காலமும் ஒட்டிக்கொள்வது மார்ச் கடைசியில் ஓரிரு வாரம் மட்டுமே. டிசம்பரில் போகிறவர்கள் ரோஜாவை மறந்துவிட வேண்டும். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். மலை மேலே பூ இருக்காது, குளிர் இருக்கும் என்றேன்.

எந்த மலை?

ஜெபல் ஷம்ஸா, ஜெபல் அக்தரா என்று எனக்கும் மனைவிக்கும் இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஷம்ஸ்தான் ஓமானிலேயே உயரம், 3,000 மீட்டர் அளவு. அதன் விளிம்பில் நின்றால் வாதி குல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே கிடக்கும். பாறை விளிம்பை ஒட்டிக் கைவிடப்பட்ட கிராமம் ஒன்றுக்குப் போகும் நடைபாதை உண்டு. நாங்கள் இருவரும் முன்பு போய் வாய் பேச முடியாமல் திரும்பியிருக்கிறோம். "அதைத்தான் காட்டணும்" என்றாள் மனைவி. ஆனால் அந்த நடையை எடுத்துவிட்டால் அங்கே அம்மாவுக்குக் கைப்பிடி ஓரமாக நின்று எட்டிப்பார்ப்பதைத் தவிர வேறில்லை. பாதையிலும் சரளைக்கல் பகுதி வரும். அக்தரில் சாயிக் மேட்டுநிலம் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சிவரை தார்ச்சாலை. மேலே கிராமங்கள், வாய்க்கால்கள், அடுக்கு வயல்கள். பார்க்க மட்டுமில்லாமல் இருந்துவிட்டு வர இடம் உண்டு. அக்தர் என்று முடிவு செய்தோம். இந்த முடிவில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அக்தர் ஏற ஒரு நிபந்தனை உண்டு. அடிவாரத்தில் பிர்கத் அல் மௌஸ் ஊரைத் தாண்டியதும் போலீஸ் செக்போஸ்ட். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால்தான் மேலே விடுவார்கள். சாலை பழுதென்று இல்லை, இறக்கம் அவ்வளவு செங்குத்து. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே இறங்கும் வழியில் சரளை மேடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் சொந்தக் கார் சின்னது. எனவே நான்கு நாளுக்கு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தோம். பதிவு செய்யும்போது "ஃபோர் வீல் வேண்டும், ஜெபல் அக்தர் போகிறோம்" என்று சொன்னேன். சரி என்றார்கள். வியாழன் காலை வண்டி வந்தது. நான் சொன்ன மாடல்தான், உயரமாகத்தான் இருந்தது. சாவி வாங்கிக் கிளம்பிவிட்டோம்.

பாலைவனத்துக்கு மட்டும் முதலிலிருந்தே வேறு முடிவு. மணலில் நான் ஓட்டியதில்லை. டயர் காற்றை 15 அல்லது 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, வேகம் விடாமல், மேட்டின் சரிவில் குறுக்காகத் திருப்பாமல் ஓட்ட வேண்டும் என்பது தெரியும். தெரிந்திருப்பது வேறு, அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்வது வேறு. வாடகை வண்டிக் காப்பீட்டில் மணல் ஓட்டம் பெரும்பாலும் சேராது. பிதியாவில் உள்ள முகாம்கள் பலவும் பெட்ரோல் பங்கிலிருந்து தங்கள் வண்டியில் அழைத்துப் போகின்றன. அதையே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

வியாழன்

மசூதியில் எட்டேகாலுக்கு இருந்தோம். அம்மாவும் மனைவியும் தலை, மணிக்கட்டு, கணுக்கால் மறைத்துப் போயிருந்ததால் வாசலில் தாமதமில்லை. 2001-இல் திறக்கப்பட்ட இந்த மசூதிக்கு இந்தியாவிலிருந்து 3 லட்சம் டன் மணற்கல் வந்தது. தொழுகைக் கூடத்தில் 21 டன் எடையுள்ள ஒரே கம்பளம் விரிந்திருக்கிறது, ஈரானியப் பெண்கள் நான்கு ஆண்டுகள் முடிச்சிட்டு நெய்தது. பார்வையாளர்கள் அதன் மேல் போடப்பட்ட நீல விரிப்பில்தான் நடக்க வேண்டும். அப்பா குனிந்து கம்பளத்தின் ஓரத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

மஸ்கட்டின் பழைய சந்தைப் பகுதியான முத்ராவில் ஒன்றரை மணி நேரம். சந்தைக்குள் லுபான் புகை கண்ணைக் கரித்தது. நம் ஊர் சாம்பிராணி வாசனையின் மூத்த அக்கா போல இருந்தது. அம்மா கால் கிலோ வாங்கினார். ஒரு மணியோடு கடைகள் மதிய ஓய்வுக்கு மூடத் தொடங்கின, நாங்களும் கிளம்பினோம்.

நிஸ்வா சாலையில் 120-ஐத் தாண்டினால் வண்டியே மணியடிக்கும். ரேடார் கேமராக்களும் வரிசையாக உண்டு. சமாயில் இடைவெளி வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் மலைகள் கறுப்பும் பழுப்புமாக, உருகிய வெல்லப்பாகு இறுகிய மாதிரி நிற்கும். அந்தப் பாறைகள் ஒரு காலத்தில் கடலின் தரை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட கடலடித் தட்டு. உலகில் இவ்வளவு பெரிய அளவில் இது வெளியே தெரியும் இடம் வேறில்லை. பச்சை மலை அப்படியல்ல, வெளிறிய சுண்ணாம்புக்கல். சாலையில் போகும்போதே நிறம் மாறுவது தெரியும். நகரம், மலை, பாலைவனம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறோம். மலையையே இரண்டாகப் பார்க்கலாம் என்பதை அப்பாதான் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிய வைத்தார். "இந்தக் கல்லும் அந்தக் கல்லும் ஒண்ணில்லையேப்பா?"

ஐந்து மணிக்கு நிஸ்வாக் கோட்டையின் வட்டக் கொத்தளத்தைப் பார்த்தபடி டீக்கடையில் இருந்தோம். கரக் சாயும், பரோட்டாவுக்குள் சீஸ் தடவி ஓமான் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டியதும். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது.

வெள்ளி

ஆறே முக்காலுக்கே சந்தையில் இருந்தோம். நடுவில் வட்டமாக ஒரு மேடை. அதைச் சுற்றி ஒரு நடைவழி. வாங்க வந்தவர்கள் வழியின் இரு பக்கமும் உட்கார்ந்தும் நின்றும் இருக்க, விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுவில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். விலையைக் கத்திக்கொண்டே நடப்பார்கள். யாராவது கை நீட்டினால் நிற்பார்கள். நீட்டிய கை முதலில் ஆட்டின் முதுகெலும்பை அழுத்தும், அடுத்து மடியை, அடுத்து உதட்டைப் பிரித்துப் பல்லை. அம்மா இதை மூன்று சுற்று பார்த்தார். நான்காவது சுற்றில் ஒரு வெள்ளாடு வந்தபோது அவர் கை தானாக நீண்டு அதன் முதுகில் படிந்துவிட்டது. விற்க வந்த பெரியவர் நின்றார், சிரித்தார், அரபியில் ஒரு விலை சொன்னார். அம்மா தமிழில் "சினையா இருக்கு, வித்துராதீங்க" என்றார். நான் அதை எனக்குத் தெரிந்த அரபியில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு மாதம். அம்மா தலையாட்டினார். இந்த ஒரு நிமிடத்துக்காகவே வெள்ளியை முளையாக அடித்தது தகும்.

பிர்கத் அல் மௌஸில் நடந்தது இந்த ஆய்வின் முக்கியமான பகுதி. பத்தேமுக்காலுக்குச் செக்போஸ்டில் நிறுத்தினோம். இளவயதுப் போலீஸ்காரர் சலாம் சொல்லி, லைசென்ஸும் முல்கியாவும் கேட்டார். முல்கியா என்பது இங்கே வண்டியின் பதிவு அட்டை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது டூ வீல்" என்றார். நான் மாடல் பெயரைச் சொன்னேன். அதே மாடலில் இரண்டு வகை உண்டு, இது முன் சக்கரம் மட்டும் இழுப்பது என்று பொறுமையாக விளக்கினார். திரும்பச் சொன்னார். கடைக்கு போன் செய்தேன், வெள்ளிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

கடைக்காரர் மாற்றிக் கொடுத்தது தவறுதான். ஆனால் சாவி வாங்கும் இடத்தில் முல்கியாவைப் படித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். வண்டியின் உயரத்தைப் பார்த்து நம்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். உயரமான வண்டி எல்லாம் ஃபோர் வீல் அல்ல.

அடிவாரத்தில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வண்டியில் மேலே ஏற்றிப் போவதுண்டு. அதைத் தேடிப் போனபோது இன்னொரு கணக்குத் தப்பியது தெரிந்தது. அன்று ஜும்ஆ, வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை. பன்னிரண்டு மணியை ஒட்டிப் பாங்கு சொல்வார்கள், பதினொன்றரைக்கே கடைகள் மூடத் தொடங்கும். பேசிய ஓட்டுநர் ஒருவர், "தொழுதுவிட்டு ஒன்றரைக்கு வருகிறேன், நாளை காலை ஒன்பதுக்கு இறக்கியும் விடுகிறேன்" என்றார். நியாயமான விலைதான் சொன்னார். ஆனால் வெளிச்சத்தில் இரண்டேமுக்கால் மணி நேரம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலில் எதுவும் நகராது என்பது இங்கே பல வருடம் இருக்கும் எனக்குத் தெரியாததல்ல. சொந்த வண்டி இருக்கிறது, யாரையும் நம்பி இல்லை என்று நினைத்ததால் திட்டத்தில் அதற்கு இடம் விடவில்லை.

அந்த நேரத்தை அப்பா காப்பாற்றினார். பிர்கத் அல் மௌஸ் என்றால் வாழைக்குளம் என்று பொருள் சொன்னதுமே, "வாழை இருந்தா தண்ணி இருக்கணுமே, எங்க?" என்று கேட்டார். ஊருக்குள்ளேயே இருந்தது. ஃபலஜ் அல் கத்மைன். மலையடியில் நிலத்துக்குக் கீழே ஊறும் தண்ணீரைக் குடைவழியாக, சிறு சரிவில், பம்பு எதுவுமின்றி ஊருக்குக் கொண்டுவரும் வாய்க்காலை இங்கே ஃபலஜ் என்பார்கள். ஓமானில் இப்படி 3,000 வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. கத்மைன் அந்த ஐந்தில் ஒன்று. பழைய மாளிகையின் பக்கத்தில் அது மூன்று சம வாய்க்கால்களாகப் பிரிகிறது.

அப்பா எங்கள் கண்மாயில் பல வருடம் முறைப்பாசனக் கணக்கு பார்த்தவர். அந்தப் பிரிவின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மூன்று வாயிலும் கையை விட்டு ஆழம் பார்த்தார். ஒரு காய்ந்த பேரீச்ச ஓலைத் துணுக்கைப் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். மூன்று முறை போட்டார். "சமமாத்தான் வச்சிருக்கான்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்ப்பா, இங்க நீர்க்கட்டி யாரு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஃபலஜுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு, வகீல். அவருக்குக் கீழே அரீஃப், தண்ணீரைத் திருப்பிவிடுகிறவர், நம் நீர்க்கட்டியேதான். பங்கு அளப்பது நேரத்தால். அரை மணி நேரம் ஒரு அதர். பகலில் நட்டுவைத்த கம்பின் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தும் பிரித்துவந்தார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். வாழைத் தோப்புக்குள் ஒரு பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாயடைக்க மண்ணும் பழந்துணியும் வைத்திருந்தார்கள். "துணிகூட அதே துணி" என்றார். மணி ஒன்றரை எப்படி ஆனதென்று தெரியவில்லை.

ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இரண்டரைக்குச் சாயிக் மேட்டில் இருந்தோம். திட்டத்தில் மூன்று கிராமங்கள் இருந்தன, அல் அய்ன், அல் அகர், அஷ் ஷுரைஜா. ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. பள்ளத்தாக்கின் விளிம்பில் அடுக்கடுக்காக இறங்கும் வயல்கள், ரோஜாச் செடிகள் வெறும் முள்ளாக, மாதுளை இலையுதிர்ந்து. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் சத்தம் இருந்தது. அம்மா படிகளில் பத்து இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் முக்கால் மணி நேரம் நடந்து திரும்பியபோதும் அங்கேயே சால்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு வெளிச்சம் பாறையில் ஆரஞ்சாக ஏறி, சட்டென்று அணைந்தது. இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போனது. கம்பளி சாக்ஸ் எடுத்து வரச் சொன்ன மனைவியை எல்லாரும் வாழ்த்தினார்கள்.

சனி

இறங்கும்போது ஓட்டுநர் கீழ்க் கியரிலேயே வைத்து, பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதித்தார். பத்து மணிக்கு எங்கள் வண்டியில் இருந்தோம்.

இஸ்கி, சினாவ், முதைபி வழியாகப் பிதியா போகும் அன்றைய ஓட்டத்துக்கு வீட்டிலேயே ஒரு விதி போட்டிருந்தேன்: தண்ணீர் ஓடும் வாதியை எந்தக் காரணத்துக்காகவும் கடப்பதில்லை. வாதி என்பது காய்ந்த காட்டாறு. மழை தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. எங்கோ மலையில் பெய்தால் வெயில் அடிக்கும் இடத்தில் வெள்ளம் வந்துவிடும். 2024 ஏப்ரல் 14 அன்று இதே முதைபி வட்டாரத்து சமத் அஷ் ஷானில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்தச் சாலை வழியாகப் போகிற எவருக்கும் அது நினைவில் இருக்க வேண்டும். ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது இங்கே சட்டப்படியும் குற்றம். புறப்படுமுன் வானிலைத் துறையின் எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பார்த்தோம். போலீஸ் அவசர எண் 9999 அப்பாவின் போனிலும் பதிந்திருந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது, வாதிகள் காய்ந்து கிடந்தன. மேகம் இருந்திருந்தால் பாலைவனத்தை ரத்து செய்துவிட்டு மஸ்கட் திரும்புவது என்று முகாமிடமும் பேசி வைத்திருந்தேன்.

மூன்றரைக்குப் பெட்ரோல் பங்கில் முகாம் வண்டி நின்றது. ஓட்டி வந்த இளைஞர் நான்கு டயருக்கும் காற்றை இறக்கினார். சின்னக் கல் ஒன்றை வால்வு ஊசியில் அழுத்திப் பிடித்து, காதை வைத்துச் சத்தத்தைக் கேட்டே போதும் என்று நிறுத்தினார். அளவுக் கருவியை எடுத்து ஒன்றை மட்டும் எனக்காகக் காட்டினார், 16.

வஹீபா மணல் வடக்கு தெற்காக 180 கிலோமீட்டர், குறுக்காக 80. வடக்குப் பக்கத்து மேடுகள் நூறு மீட்டர் வரை உயரும். முகாமுக்குப் பின்னால் இருந்த மேடு சிறியது. அம்மா பாதிவரை ஏறி உட்கார்ந்தார். கையை மணலுக்குள் விட்டு, "மேல சூடு, உள்ள குளிரு" என்றார். நானும் விட்டுப் பார்த்தேன். மேல் அங்குலம் வெதுவெதுப்பு, விரல் முழுசாகப் போனால் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி.

மணலில் ஒன்றுமே முளைக்காது என்று நினைத்திருந்த அப்பாவுக்கு ஆச்சரியம் ஒரு மரம். தாழ்ந்து தொங்கிய கிளையில் இலையை உருவிப் பார்த்தவர், முள்ளைத் தடவினார், பட்டையைக் கீறினார். "இது வன்னியில்ல?" வன்னியேதான். இங்கே காஃப் என்பார்கள். நம் கோயில்களில் தலமரமாக நிற்கிற அதே மரம் இங்கே ஒட்டகத்துக்கு நிழலும் தீவனமும். ஊரில் நம் கண்மாயைத் தின்ற சீமைக்கருவேலத்துக்கு இது உறவுக்கார மரம்தான் என்றேன். "இது வேற, இது மரியாதையான மரம்" என்றார். முகாம் இளைஞர் வந்து, வேர் மிக ஆழத்துக்குப் போகும், பச்சையாக நிற்கும் காஃபை யாரும் வெட்டமாட்டார்கள் என்றார். இருட்டும்வரை இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு

காலையில் மணல் ஈரமாக இருந்தது, பனி. வாதி பனீ காலித் போனோம். வார விடுமுறையில் அங்கே நிற்க இடம் இருக்காது, ஞாயிறு காலை அமைதி. வாய்க்காலை ஒட்டிய சிமென்ட் பாதையில் அம்மா குளம்வரை நடந்தே வந்தார். அங்கிருந்து இப்ரா வழியாக, நாலரைக்கு வீடு.

கணக்கு

வண்டி ஓடியது மொத்தம் 740 கிலோமீட்டர். இங்கே பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு, எனவே எரிபொருளுக்கு 20 ரியாலுக்குள்தான் ஆனது. செலவைத் தீர்மானித்தவை வண்டி வாடகையும், மலை மேலும் மணலிலும் தங்கிய இரண்டு இரவுகளும். மலைக்கு ஏற்றி இறக்கிய வண்டி திட்டமிடாத செலவு. அந்தப் பெரிய வண்டியே தேவையில்லாத செலவு. சொந்தச் சின்னக் காரில் பிர்கத் அல் மௌஸ் வரை வந்து, அங்கே ஒருவர், பிதியாவில் ஒருவர் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தால் வாடகை முழுவதும் மிச்சம். சாலை தன்மை மாறும் இடங்கள் இந்தப் பயணத்தில் இரண்டே இரண்டு. இரண்டிலும் அந்த மண்ணில் தினமும் ஓட்டுகிறவர் கையில் வண்டி இருந்தபோது நான் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. பிதியாவுக்கு இதை யோசித்தவன் மலைக்கு யோசிக்கவில்லை. தார்ச்சாலை என்பதால் வந்த அலட்சியம்.

மலைக்கு இன்னொரு இரவு கொடுத்திருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். நான்கு நாளில் அது வராது. மசூதியை முந்தைய சனிக்கிழமையே பார்த்து முடித்திருந்தால் வியாழனே மலை ஏறி, வெள்ளி விடியலில் சந்தைக்கு இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த இருட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும், எனக்கு ஒப்பவில்லை. வெள்ளி காலை சந்தை, ஒன்பதரைக்குள் அடிவாரம், பத்தரைக்கு மேலே என்பதுதான் சரியான வரிசை. ஜும்ஆ நேரத்துக்குள் மலை மேல் இருந்துவிட்டால் அந்த நண்பகல் அமைதியே ஒரு சுகம். அப்படிப் போயிருந்தால் அப்பா கத்மைன் கரையில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இனி யாரை அழைத்துப் போனாலும், மறுநாள் இறங்கி வரும்போது அங்கே ஒரு மணி நேரம் எழுதி வைத்துவிடுவேன்.

வருகிற மார்ச் கடைசியில் மனைவியின் அக்கா குடும்பம் வருகிறது. ரோஜா பூத்திருக்கும், மணலில் ஒரு மாலையும் ஒரு விடியலும் மட்டும். அவர்கள் ஏழு பேர், எனவே பெரிய வண்டி வேண்டித்தான் இருக்கிறது. நேற்று ஒரு கடையில் பேசினேன். முல்கியாவின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வந்த பிறகுதான் முன்பணம்.